சும்மா ஒரு பயணம்

மரக்காணத்தில் தண்டவாளம் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை உண்டு. அச்சாலையின் இருமருங்கிலும் கண்ணைக் கூசவைக்கும் உப்பளங்கள் உண்டு. வடக்கேயிருந்து நீண்டு வந்து இக்கழிமுகத்தில் ஓய்ந்துபோகும் பக்கிங்காம் கால்வாய் உண்டு. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரை கடலோர இருப்புப்பாதை அமைக்கப்படும் என்ற பேச்சும் நெடுங்காலமாக உண்டு. பேச்சு வண்டி வண்டியாக வந்து இறங்கியிருக்கிறது. தண்டவாளம் இன்னும் வந்து சேரவில்லை. இத்தகைய ஊரில் பங்குப்பணி ஆற்றும் நாம் இரயிலையும் டிராமையும் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். கடலில்லா ஊரில் இருந்துகொண்டு மீன்பிடிப்பைப் பற்றி எழுதுவது போல என்று நண்பரான குரு ஒருவர் கேலி செய்தார்.

ஆனால் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து செல்லும் காட்சி இந்நெய்தல் நிலத்துக்குப் புதியதன்று. உப்பு விளையும் கரையிலிருந்து உள்நாட்டுக்கு உமணர்கள் எருது பூட்டிய வண்டிகளை வரிசையாக ஓட்டிச் சென்றதைச் சங்கப் புலவர்கள் பாடியுள்ளனர். மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்துவிட்டால் என்செய்வது என்று, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்படுவார்களாம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். நெடும்பயணத்தின் அச்சமும் முன்னேற்பாடும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. பிற்காலத்தில் உப்பு படகேறியது. 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய கால்வாய் சிறிது சிறிதாக நீண்டது. 1876 முதல் 1878 வரை வாட்டிய கொடும் பஞ்சத்தில், கஞ்சிக்காக மண் சுமந்த மக்களின் கைகளால் அதன் துண்டுகள் இணைக்கப்பட்டன; அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு வாய்த்தது. வெட்டியவர்களின் பெயர் வாய்க்கவில்லை. இப்போது படகும் இல்லை. உப்பு லாரியில் போகிறது.

நாம் இரயிலைக் கண்டது திண்டிவனத்தில். நம் சிறுவயதில் அது மீட்டர் பாதை. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931இலேயே மின்சார வண்டி ஓடியது. 1960களில் மின்கம்பிகள் விழுப்புரம் வரை நீட்டப்பட்டு, ஜப்பானில் செய்யப்பட்ட எந்திரங்கள் வண்டிகளை இழுத்து வந்தன. விழுப்புரத்தில் அம்மின்னெந்திரத்தைக் கழற்றிவிட்டு நீராவி எந்திரத்தையோ டீசல் எந்திரத்தையோ மாட்டுவார்கள். எந்திரம் மாறும் அந்தச் சில நிமிடங்கள், பார்ப்பதற்கென்றே ஏற்பட்ட நிமிடங்கள். தண்ணீர் குடிக்க இறங்கியவர்கள், வடை வாங்க ஓடியவர்கள், குழந்தையைத் தோளில் தூக்கி எந்திரத்தைக் காட்டியவர்கள் என்று நடைமேடையே திருவிழாக் கோலம் கொள்ளும். நம் தகப்பனாரும் அப்படித்தான் தூக்கிக் காட்டினார். நாம் அவ்வண்டியில் ஏறப்போவதில்லை. உறவினர் ஒருவரை வழியனுப்பவே வந்திருந்தோம். ஏறாத வண்டியின் மீது ஏற்பட்ட அந்தப் பற்று குருமடத்திலும் நம்மை விடவில்லை. மெய்யியல் வகுப்பில் அமர்ந்திருந்தபோதும் தொலைவில் கூவிச் செல்லும் வண்டி எது, அது குறித்த நேரத்துக்குச் செல்கிறதா என்று மனம் கணக்குப் பார்க்கும்.

மேற்படிப்புக்காக உரோமை நகருக்கு நாம் அனுப்பப்பட்டது 1999ஆம் ஆண்டு. புனித நகரில் வாழக் கிடைத்த பேற்றை எண்ணி இங்குள்ளோர் மகிழ்ந்தனர். நாமும் மகிழ்ந்தோம், ஆனால் முதல் ஆறு மாதங்கள் தனிமை நம்மை அரித்தது என்பதையும் சொல்ல வேண்டும். மொழி வராது. உணவு இறங்காது. மாலை நான்கரை மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலத்தில், அறையில் அமர்ந்து இலத்தீன் இலக்கணம் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவ்வேளையில்தான் வத்திக்கான் மதிலுக்கு அருகிலுள்ள ரிசோர்ஜிமெந்தோ சதுக்கத்தில் நின்றிருந்த 19ஆம் எண் டிராமில் ஒருநாள் ஏறி அமர்ந்தோம். ஒரு சீட்டு எடுத்தால் 75 நிமிடம் செல்லும். எங்கே போகிறோம் என்று நமக்குத் தெரியாது. போகவேண்டிய இடமும் இல்லை.

பல்கலைக்கழகப் பகுதியையும் மருத்துவமனையையும் தாண்டி அவ்வண்டி மாஜ்ஜோரே வாயிலை அடைந்தபோது நாம் எழுந்து நின்றுவிட்டோம். பேரரசர் கிளாவுதியு காலத்து நீர்ப்பாலத்தின் மாபெரும் கல்வாயில் ஒருபுறம். அதைச் சுற்றி நாற்புறமும் தண்டவாளங்கள் பின்னிப் பிணைந்து வளைய, எட்டுத் திக்கிலிருந்தும் டிராம்கள் மணியடித்துக்கொண்டு வந்து போகின்றன. அவற்றுள் சில 1948, 1949ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்ட பெட்டிகள். ஐம்பது வயதைத் தாண்டியும் சளைக்காமல் முனகிக்கொண்டு வளைவுகளில் திரும்பின. அன்று முதல் வாரத்துக்கு ஒரு மாலை டிராமுக்கு என்று ஒதுக்கினோம். இத்தாலிய மொழியில் நாம் கற்ற முதல் ஐம்பது சொற்கள் நிறுத்தங்களின் பெயர்களிலிருந்தும், 'இறங்குகிறீர்களா?' என்று பின்னாலிருந்து கேட்கும் பாட்டிமார்களிடமிருந்தும் வந்தவை. இலக்கண நூல் தராத துணிவை அப்பாட்டிமார்கள் தந்தனர்.

பொழுதுபோக்கு என்பது மெல்ல ஆராய்ச்சியாகவும் மாறும். உரோமை டிராமின் இரு தண்டவாளங்களுக்கும் இடையிலுள்ள அகலம் 1445 மில்லிமீட்டர். உலகின் பெரும்பாலான இருப்புப்பாதைகளுக்கு 1435. இந்தப் பத்து மில்லிமீட்டரைப் பற்றி உடன் பயின்ற குருக்களிடம் உணவு மேசையில் விளக்கப் புகுந்து, அவர்களது பொறுமையை நாம் பலமுறை சோதித்ததுண்டு. அந்நகரில் குதிரை டிராம் 1877இல் தொடங்கியது. பின்னர் ஐம்பதுக்கும் மேற்பட்ட தடங்கள் நகரெங்கும் ஓடின. முசோலினியின் ஆட்சியில், 1930ஆம் ஆண்டு பிறந்த இரவோடு, பழைய மதிலுக்குட்பட்ட நகர் மையத்திலிருந்து டிராம்கள் அகற்றப்பட்டன. சீருந்துக்கு வழிவிடுவதே நவீனம் என்று அக்காலத்தவர் கருதினர். நெடுங்காலத்துக்குப் பின், 1998இல்தான் 8ஆம் எண் தடம் அர்ஜென்தீனா திடல் வரை வந்து நகரின் நெஞ்சை மீண்டும் தொட்டது. அத்தடத்தின் புதிய வண்டிகளுக்குப் படிக்கட்டே இல்லை. நடைமேடையும் வண்டியின் தளமும் ஏறத்தாழ ஒரே மட்டம். கைத்தடி ஊன்றியவர்களும் குழந்தை வண்டியைத் தள்ளி வந்தவர்களும் யார் கையையும் எதிர்பாராமல் ஏறினார்கள்.

சென்னை நகரம் இவ்வகையில் உரோமைக்கு அறிவுரை சொல்லும் தகுதி உடையது. 1895ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் அதுவே முதல். இலண்டன் மாநகரத் தெருக்களுக்கே அதன் பின்னர்தான் மின்சார டிராம் வந்தது. தொடக்கத்தில் மின்சாரம் தலைக்கு மேலே கம்பியில் வரவில்லை; தரையடிக் குழாய் வழியாக வந்தது. மழைக்காலத்தில் நீர் தேங்கும் ஊரில் அது சரிப்படுமா? சில ஆண்டுகளில் கம்பிக்கு மாறினார்கள். குழுமம் கடனில் மூழ்கவே 1953 ஏப்ரல் 12ஆம் நாளோடு சென்னை டிராம் நின்றுபோனது. மும்பையில் 1964இல் நின்றது. 1873இல் குதிரைகளோடு தொடங்கிய கொல்கத்தா டிராம் மட்டுமே நம் நாட்டில் இந்த நூற்றாண்டைக் கண்டது, அதுவும் தேய்பிறையாகத்தான். குருமடத்தில் நமக்குக் கற்பித்த முதிய குரு ஒருவர், பள்ளிப் பருவத்தில் சென்னை டிராமின் பின்புறப் படியில் தொற்றிக்கொண்டு சென்றதைத் திருச்சபை வரலாற்று வகுப்பின் நடுவே சொல்வார். கான்ஸ்டன்டைன் பேரரசரைப் பற்றி அவர் சொன்னதில் பெரும்பகுதி மறந்துவிட்டது. அந்தப் படி மறக்கவில்லை.

குருக்களுக்கும் இருப்புப்பாதைக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்பதும் அந்நாள்களில் நமக்குத் தெரியவந்தது. தட்டம்மையில் கிடந்த மகனுக்குக் கதை சொல்லப் போய், பின்னர் உலகக் குழந்தைகள் அனைவருக்கும் தாமஸ் என்ற நீலநிற எந்திரத்தைக் கொடுத்த ஆட்ரி, ஆங்கிலிக்கன் சபையின் பங்குக் குரு. அச்சபையின் ஆயர் எரிக் டிரேசி, இரயில் எந்திரங்களைப் புகைப்படம் எடுப்பதில் பெயர் பெற்றவர். 1978இல் நீராவி வண்டியொன்றைப் படமெடுக்கச் சென்ற ஆப்பிள்பி நிலையத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. நம் கத்தோலிக்கத் தரப்பில் தொடக்கம் அவ்வளவு சிறப்பில்லை. திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் தமது ஆட்சிப்பகுதிக்குள் இரயிலை அனுமதிக்கவில்லை. பிரெஞ்சு மொழியில் இருப்புப்பாதைக்கும் நரகப்பாதைக்கும் ஒலியில் சிறிதே வேறுபாடு. அதை வைத்து அவர் சிலேடை மொழிந்தார் என்பார்கள். அடுத்து வந்த ஒன்பதாம் பத்திநாதர் மனம் இளகினார். 1856இல் உரோமையிலிருந்து பிராஸ்காத்திக்கு வண்டி ஓடியது. 1929ஆம் ஆண்டின் இலாத்தரன் உடன்படிக்கைக்குப் பின் வத்திக்கானுக்குள்ளேயே ஒரு நிலையம் கட்டப்பட்டது. மதிலில் ஒரு பெரும் இரும்புக் கதவு. வண்டி வரும்போது அது சுவருக்குள் ஒதுங்கி வழிவிடும். திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் 1962 அக்டோபர் 4ஆம் நாள், சங்கம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, அவ்வாயிலைக் கடந்து லொரேத்தோவுக்கும் அசிசிக்கும் இரயிலில் திருப்பயணம் சென்றார். வழிநெடுக மக்கள் நிலையங்களில் கூடி நின்றனர். அவர் சன்னலோரம் நின்று கையசைத்துக்கொண்டே போனார்.

விளையாட்டிலும் ஓய்விலும் அறம் உண்டு, அளவோடு மகிழத் தெரியாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் இடையூறாக இருப்பது குறையே என்று புனித தோமா அக்குவினார் எழுதியிருப்பதை, டிராமில் வீணாகச் சுற்றுகிறீர்களே என்று கேட்ட தோழர்களுக்கு நாம் மேற்கோள் காட்டுவதுண்டு. அவர்களும் ஏற்றுக்கொள்வதுபோல் தலையசைப்பார்கள்.

அக்குவினாரின் கருத்து எல்லாருக்கும் ஒரே அளவில் எட்டக்கூடியதா என்ற கேள்வி, 2001ஆம் ஆண்டுக் கோடையில் சுவிட்சர்லாந்து நாட்டில் நம்மைப் பிடித்துக்கொண்டது. அவ்விடுமுறையில் அங்குள்ள பங்கு ஒன்றில் உதவி செய்யச் சென்றிருந்தோம். பாசல் நகருக்கு அருகே மரியஸ்டைன் என்னும் மலையில், பாறைக் குகைக்குள் அன்னை மரியாவுக்கு ஒரு சிற்றாலயம் இருக்கிறது. பெனடிக்ட் சபைத் துறவியர் அதைப் பேணுகின்றனர். ஈழத்திலிருந்து அகதிகளாய் வந்த தமிழர், கத்தோலிக்கரும் இந்துக்களுமாக, ஆண்டுதோறும் அங்கே திருப்பயணம் வருகிறார்கள். பட்டுச்சேலையும் மல்லிகைச் சரமும் புளிச்சோற்றுப் பொட்டலமுமாக ஆல்ப்ஸ் நாட்டு மலைச்சாரலில் நம்மவர் கூட்டம் ஏறிச் செல்வதைக் காணும் எவருக்கும் வேளாங்கண்ணி நினைவுக்கு வராமல் இராது.

பாசலிலிருந்து அங்கே செல்ல 10ஆம் எண் டிராம் உண்டு. மஞ்சளும் சிவப்புமான வண்டி. அதன் பாதை 1887இல் சிற்றிரயிலாகத் தொடங்கியது. ஊர்ஊராக நீண்டு 1910இல் ரோடர்ஸ்டார்ஃப் என்னும் கிராமத்தைத் தொட்டது. அகலமோ சரியாக ஒரு மீட்டர். நம் திண்டிவனத்து அகலம்! உரோமையின் பத்து மில்லிமீட்டர் கணக்கெல்லாம் பறந்துபோய், சொந்தக்காரரை வெளிநாட்டில் கண்டதுபோல் நாம் மகிழ்ந்தோம். அப்பாதையில் இன்னொரு புதுமையும் உண்டு. திருப்பயணிகள் இறங்கும் நிறுத்தம் ஃப்ளூ. அதைத் தாண்டியதும் வண்டி எல்லையைக் கடந்து பிரான்சு நாட்டுக்குள் புகுந்து, லைமன் என்னும் ஊரில் நின்று, மறுபடியும் சுவிட்சர்லாந்துக்குள் வந்து முடிகிறது. 1910இல் பாதை போட்டபோது அவ்வூர் ஜெர்மனியைச் சேர்ந்திருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சுக்குப் போயிற்று. ஊர் அதே இடத்தில் இருக்க, நாடுகள் அதன்மீது வந்து வந்து போயிருக்கின்றன.

நமக்கு வழிகாட்டியாக வந்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இளைஞர். இருபத்துமூன்று வயது இருக்கும். உணவகம் ஒன்றின் அடுக்களையில் பாத்திரம் கழுவும் வேலை. அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் விடை வரவில்லை. நால்வர் தங்கும் சிற்றறையில் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அடைந்து கிடக்க முடியாமல், மாதச் சீட்டை வைத்துக்கொண்டு டிராமில் சுற்றுவதே தமது பொழுதுபோக்கு என்றார். நமக்கு எவ்வளவு மகிழ்ச்சி! எந்தத் தடம் பிடிக்கும், எந்த வளைவு அழகு என்றெல்லாம் ஆவலாய்க் கேட்டோம். எல்லாத் தடங்களையும் கடைசி நிறுத்தம் வரை பார்த்திருக்கிறார், இந்த 10ஆம் எண்ணைத் தவிர. இதில் ஒவ்வொரு முறையும் ஃப்ளூவில் இறங்கிவிடுவாராம். அவரிடம் இருந்த தாள் சுவிட்சர்லாந்துக்குள் இருக்க மட்டுமே இடங்கொடுத்தது. ஒரு நிறுத்தம் தூரம் அயல்நாட்டுக்குள் போய், அங்கே எவராவது தாளைக் கேட்டுவிட்டால், விண்ணப்பம் என்னாகும் என்ற அச்சம்.

வழிபாடு முடிந்து மலையிறங்கியபோது, ஃப்ளூ நிறுத்தத்தில் அவரே சொன்னார்: "நீங்கள் போட்டு வாங்கோ ஃபாதர். உங்களிட்ட எல்லாத் தாளும் இருக்குத்தானே. அங்கால எப்பிடி இருக்கெண்டு பாத்துச் சொல்லுங்கோ. நான் இதில நிக்கிறன்."

நாம் போனோம். எல்லை என்று தெரியும்படி ஒன்றும் இல்லை. வயல், அறுவடை முடிந்த தாள், ஆலயக் கோபுரம் ஒன்று, லைமனில் கதவு திறந்தது, மூதாட்டி ஒருவர் கூடையோடு ஏறினார், கதவு மூடியது. எவரும் எதுவும் கேட்கவில்லை. ரோடர்ஸ்டார்ஃபில் இறங்கி, அதே வண்டியில் திரும்பினோம். அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாயிருக்கும். இளைஞர் அதே தூணருகே நின்றிருந்தார்.

"வயல்தான்" என்றோம்.

"என்ன விதைச்சிருக்கு?" என்று கேட்டார்.

அதை நாம் கவனித்திருக்கவில்லை. தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு போயிருந்தோம். அவர் சிரித்தார். திரும்பி வரும் வழியில் யாழ்தேவியைப் பற்றிச் சொன்னார். 1956இல் தொடங்கிக் கொழும்பையும் வடக்கையும் இணைத்த அந்த வண்டி 1990இல் போரினால் யாழ்ப்பாணத்துக்கு வராமல் போனபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. பிறகு தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. "றெயிலுக்குக் கீழ படுத்திருந்தனாங்கள், ஃபாதர்" என்றார். ஏதோ வேடிக்கையைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். யாழ்ப்பாணத்துக்கு இரயில் மீண்டும் வந்தது 2014 அக்டோபரில். சுவிட்சர்லாந்து 2008 டிசம்பரில் ஷெங்கன் உடன்பாட்டில் இணைந்தபின், அவ்வெல்லையில் தாள் பார்ப்பதும் பெரிதும் குறைந்துவிட்டதாம். இவ்விரு செய்திகளைப் படித்தபோதும் அந்த இளைஞரை நினைத்தோம். அவருடைய விண்ணப்பம் என்னவாயிற்று என்பதை அறிய வழியில்லை.

மரக்காணத்துக்கு வந்தபின் இவையெல்லாம் வேறொரு வெளிச்சத்தில் தெரிகின்றன. உப்பள வேலை கருக்கலில் தொடங்குகிறது. வெயில் ஏறினால் பாத்தியின் வெண்மை கண்ணைக் குத்தும். உவர்நீர் காலைப் பதம் பார்க்கும். வாரிய உப்பைக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் அளத்தில் வேலை இல்லை. அதை ஓய்வு என்று சொல்ல முடியாது. வருமானம் இல்லாத காலம் என்பதே சரி. இவர்களிடம் நம் டிராம் கதைகளை மறையுரையில் சொல்லும் துணிவு நமக்கு வெகுநாள் வரவில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், அறுபது வயதைத் தாண்டிய உப்பளத் தொழிலாளியான அம்மையார் ஒருவரைப் பேருந்து நிறுத்தத்தில் கண்டோம். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பது நாம் அறிந்ததே. எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டோம்.

"எங்கயும் இல்ல சாமி. சும்மாதான். கடைசி வரைக்கும் போனேன், ஒரு டீ குடிச்சேன், அதே வண்டியில திரும்பிட்டேன். நாளெல்லாம் நின்னுக்கிட்டே இருந்த காலு. உக்காந்துக்கிட்டு ஊரைப் பாக்க நல்லாத்தான் இருக்குது." பின்னர் குரலைத் தாழ்த்தி, "ஏறுற படிதான் ஒசரம். ரெண்டு பேரு கைகொடுத்துத் தூக்கி வுட்டாங்க" என்றார்.

உரோமையின் படியில்லா வண்டியை அப்போது அவருக்கு விவரித்தோம். தரையும் வண்டியும் ஒரே மட்டமா என்று இருமுறை கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை.

நம் பகுதியில் கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அங்கே, காங்கேசன்துறையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். வடக்குப் பாதையின் கடைசி நிலையம் அது. வீட்டுக் கொல்லையிலிருந்து எந்திரம் திரும்புவதைப் பார்த்து வளர்ந்தவராம். நாம் இரயில் பித்து உடையவர் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். திண்டிவனம் போய் ஒருநாள் வண்டி பார்த்து வரலாமா என்று அவரே கேட்டார். "ஏற வேண்டாம் சுவாமி. பாத்தாப் போதும்."

முகாமில் பெயர் கூப்பிடும் நாள் அல்லாத நாளாகப் பார்த்து, அனுமதி பெற்று, நான்கு உப்பளத்துப் பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொண்டு சென்றோம். பிள்ளைகளில் இருவர் இரயிலை நேரில் பார்த்ததில்லை. மீட்டர் பாதை எப்போதோ போய்விட்டது. இப்போது அகலப்பாதை, இருவழி. பெரியவருக்கு அது பழக்கமான அகலம். இலங்கையிலும் அதே ஐந்தரை அடிதான். நடைமேடைச் சீட்டு எடுத்து, நிழலில் ஒரு பெஞ்சில் அமர்ந்தோம். வந்தே பாரத் நிற்காமல் சீறிச் சென்றபோது பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கூவினார்கள். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. முகம் பார்க்க விடாமல் போகிற வண்டி என்ன வண்டி என்றார்.

பிறகு ஒரு சரக்கு வண்டி மெல்ல வந்தது. பிள்ளைகள் பெட்டிகளை எண்ணத் தொடங்கினார்கள். பெரியவரும் வாய்க்குள் எண்ணினார். நாற்பதைத் தாண்டியதும் கணக்கு ஆளுக்கு ஒன்றாய்ப் போயிற்று. ஐம்பத்தெட்டா, ஐம்பத்தொன்பதா என்று சண்டை. கடைசிப் பெட்டி மறைந்தபின் பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடுத்தது எத்தினை மணிக்கு, சுவாமி?"

அட்டவணையைப் பார்த்து, இன்னும் நாற்பது நிமிடம் ஆகும் என்றோம்.

"இருப்பம்" என்றார். பிள்ளைகளில் ஒருத்தி தன் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து அவரிடம் நீட்டினாள்.